சேற்றை யார் அள்ளுவது

சில ஆண்டுகளுக்கு முன் மண்ணியல் மாணவர்களுக்கு ஒரு சிறப்பு வகுப்பு எடுக்கப் போயிருந்தேன். உவர்நிலம் பற்றிய வகுப்பு அது. மாணவர்கள் சற்று அயரும் நேரத்தில் காட்டுவதற்கென்று, தென் அமெரிக்காவில் பெருவும் பொலிவியாவும் பகிர்ந்துகொள்ளும் தித்திக்காக்கா ஏரியின் கரையை மேலிருந்து எடுத்த வான்படம் ஒன்றை வைத்திருந்தேன். கைரேகையைப் பெரிதாக்கிப் பார்த்ததுபோல் மேடும் பள்ளமுமாக வளைந்து கிடக்கும் பழைய வயல்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,810 மீட்டர் உயரத்தில், மரம் நிற்க மறுக்கும் குளிரில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு மனிதர்கள் சேற்றை வாரி மேட்டுப்பாத்தி போட்டு உருளைக்கிழங்கு விளைவித்தார்கள் என்று சொன்னேன். விளைச்சல் எண்களையும் சொன்னேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "அவ்வளவு விளையும் என்றால் இப்போது ஏன் யாரும் அப்படிப் பயிர் செய்வதில்லை, சார்?" என்று கேட்டாள். "மறந்துவிட்டார்கள்" என்றேன். வகுப்பு முடிந்தது, எல்லோரும் கைதட்டினார்கள், எனக்கு ஒரு புத்தகமும் சால்வையும் கொடுத்தார்கள். அந்தப் பதில் பொய் என்பது பேருந்தில் திரும்பும்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

அவர்கள் மறக்கவில்லை. மறந்திருந்தால்கூட அது மறுபடி நினைவூட்டப்பட்டுவிட்டது என்பதுதான் உண்மை. வில்லியம் டெனவன் என்ற புவியியலாளர் தம் கூட்டாளிகளுடன் சேர்ந்து 1968-இல் இந்த ஏரிப்படுகையில் சுமார் 82,000 ஹெக்டேர் பரப்பில் பழைய மேட்டுப்பாத்திகளின் தடம் இருப்பதாகக் கணக்கிட்டார். 1981-இலிருந்து சில ஆண்டுகள் கிளார்க் எரிக்சன் என்ற தொல்லியலாளர் பெரு நாட்டுப் பக்கத்தில் உள்ள வாட்டா என்ற ஊரில், கெச்சுவா பேசும் உழவர்களோடு சேர்ந்து, பழைய பாத்திகளை அகழ்ந்து பார்த்ததோடு நில்லாமல் அதே அளவில் புதிதாகக் கட்டியும் பார்த்தார். அந்த வட்டாரத்தில் ஹெக்டேருக்கு ஒன்று முதல் நான்கு டன் வரை கிழங்கு எடுப்பது வழக்கமாக இருந்தபோது, அந்தப் பாத்திகளில் சராசரியாகப் பத்து டன் கிடைத்தது. எல்லைக்கு அப்பால் பொலிவியாவில் ஆலன் கோலாட்டா, ஒஸ்வால்தோ ரிவேரா என்ற தொல்லியலாளர்கள் லாக்காயா என்ற ஊரில் இதே வேலையைச் செய்தார்கள். 1988 பிப்ரவரி இறுதியில் ஓர் இரவு கடும் உறைபனி இறங்கியது. சுற்றியிருந்த சமவெளி வயல்களில் பயிரின் பெரும்பகுதி கருகியபோது மேட்டுப்பாத்திகளில் பத்தில் ஒரு பங்குதான் போயிற்று என்று அவர்கள் எழுதினார்கள். அதன்பிறகு தொண்டு நிறுவனங்கள் வந்தன, பணம் வந்தது, பல ஊர்களில் நூற்றுக்கணக்கான ஹெக்டேர் மீண்டும் மேடானது. பெருவில் வாரு வாரு என்றும், அயமாரா பேசும் மக்களிடம் சுக்கா கொல்யு என்றும் பெயர்பெற்ற அந்த வயல்கள் உலகச் செய்தியாயின. இருபது ஆண்டுகள் கழிந்தபோது அவற்றில் பெரும்பாலானவை மறுபடி புல்தரையாகியிருந்தன. இதை வகுப்பில் நான் சொல்லவில்லை. சொன்னால் படத்தின் அழகு கெட்டுவிடும் என்று நினைத்திருக்கக்கூடும்.

உறைபனியும் உவரும்

இந்த மண் எதற்காக மேடாக்கப்பட்டது என்பதை மீண்டும் ஒருமுறை ஒழுங்காகப் படிக்கலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். ஆல்த்திப்பிளானோ எனப்படும் அந்த உயர்சமவெளியில் நல்ல நிலம் என்பது மலைச்சரிவுதான். நம் கண்ணுக்குத் தட்டையான நிலம் ஏரிவரை விரிந்து கிடப்பது வரமாகத் தோன்றும். அங்குள்ள உழவருக்கோ அந்தத் தட்டை நிலம்தான் தலைவலி. காற்று மெலிந்தும் வறண்டும் இருப்பதால் பகலில் தோல் உரியும் அளவுக்கு வெயில் அடிக்கிறது. இரவில் மேகமற்ற வானம் அந்த வெப்பம் முழுவதையும் திரும்ப இழுத்துக்கொள்கிறது. குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளிலிருந்து தண்ணீரைப் போலவே வழிந்து இறங்கிச் சமவெளியில் தேங்கிவிடுகிறது. ஆக, உறைபனியும் வெள்ளமும் ஒரே இடத்தில்தான் வந்து குடியிருக்கின்றன. மண்ணோ கனத்த களி. மழைக்காலத்தில் வேர் மூச்சுவிட முடியாத அளவுக்கு நீர் நிற்கும். வறண்ட மாதங்களில் நிலத்தடி நீர் களியின் நுண்துளைகள் வழியாக மேலேறி, தான் ஆவியாகி, உப்பை மட்டும் வெள்ளைப் பொருக்காக விட்டுச்செல்லும். ஏரி நீரே சற்று உவர்ப்பானது. உவரும் களரும் கலந்த இப்படியொரு நிலத்தின் மண்மாதிரி எங்கள் ஆய்வகத்துக்கு வந்திருந்தால், வேறு நிலம் பாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருப்போம்.

இத்தனைக்கும் ஒரே மருந்தாக அவர்கள் கண்டது, மண்ணை வெட்டிப் பக்கத்தில் போடுவது. நான்கு முதல் பத்து மீட்டர் அகலமுள்ள நீண்ட மேடுகள், அவற்றிடையே ஏறத்தாழ அதே அகலத்தில் வாய்க்கால்கள். மண்கண்டம் இரட்டிப்பாகிறது, வேர் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கிறது, உப்பு கீழேயே தங்கிவிடுகிறது. மழையும் சரிவிலிருந்து வரும் ஓடைநீரும் வாய்க்கால் வழியாக உப்பை அலசிக்கொண்டு போகின்றன. கோலாட்டா பம்ப்பா கோவானி என்ற சமவெளியில் அகழ்ந்த ஒரு பாத்தியின் அடியில் கூழாங்கல் அடுக்கும், அதன்மேல் களிமண் படலமும், அதன்மேல் சரளை அடுக்குகளும், மேலே வளமான மண்ணும் இருந்தன. கீழிருந்து உவர்நீர் ஏறாமல் தடுக்கவே அந்தக் களிமண் போடப்பட்டது என்பது அவர் விளக்கம். இதை ஒரு பொறியாளரின் கட்டுமானம் என்று பாராட்டாதவர் இல்லை. ஆனால் வாட்டாவில் எரிக்சன் வெட்டிய குழிகளில் இப்படிப்பட்ட நேர்த்தியான அடுக்குகள் இல்லை. வாய்க்காலிலிருந்து வாரிய மண் மேட்டில் கிடந்தது, அவ்வளவே. ஒரே பெயரால் அழைக்கப்படும் வயல்கள் எல்லாம் ஒரே மாதிரி கட்டப்பட்டவை இல்லை என்பதை வியப்போடு எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

வாய்க்கால் நீர் செய்யும் வேலையில் இரண்டு உண்டு. ஒன்று, பகல் வெயிலை உள்வாங்கி வைத்திருந்து இரவில் மெல்ல விடுவது. நீரிலிருந்து எழும் ஆவி இலைகளின்மேல் பனித்துளியாக இறங்கும்போதும் கொஞ்சம் வெப்பம் வெளியாகிறது. பின்னாளில் கருவி வைத்து அளந்தவர்கள் கண்ட வேறுபாடு ஒன்றிரண்டு டிகிரிதான். முதலில் வந்த ஆர்ப்பாட்டமான செய்திகளோடு பார்த்தால் இது சப்பென்று தோன்றும். ஆனால் உருளைக்கிழங்கின் தழை கருகுவதற்கும் பிழைப்பதற்கும் நடுவில் பல இரவுகளில் இருப்பது அந்த ஒன்றிரண்டு டிகிரியே. இரண்டாவது வேலைதான் என் துறையைச் சேர்ந்தது. வாய்க்காலில் பாசி, நீர்க்களைகள், அசோலா ஆகியவை செழித்து வளர்கின்றன. நம் நெல்வயல்களில் தழைச்சத்துக்காக விடப்படும் அதே அசோலாதான். அதனுள் வாழும் நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொடுக்கிறது. சரிவிலிருந்து வரும் வண்டலையும் அதில் கரைந்துவரும் மணிச்சத்தையும் வாய்க்கால் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று 1993-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இவையெல்லாம் மடிந்து அடியில் படிகின்றன. குளிரிலும் காற்றில்லாச் சேற்றிலும் அவை எளிதில் மக்குவதில்லை. அந்தக் கருஞ்சேற்றை அள்ளி மேட்டில் போட்டுக் காற்றுப்பட வைத்தால்தான் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்குகின்றன, சத்து வேருக்குக் கிடைக்கும் வடிவத்துக்கு மாறுகிறது.

இந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு வினைச்சொல்லை நான் பலமுறை எழுதியிருக்கிறேன், வகுப்பில் சொல்லியிருக்கிறேன், ஒருமுறையும் நின்று பார்த்ததில்லை. அள்ளிப் போட்டால்.

வாட்டாவில் ஒரு வெட்டுமுகம்

ஓர் அக்டோபர் மாதம் வேறொரு வேலையாக லீமாவரை போகவேண்டியிருந்தபோது, சேர்த்து வைத்திருந்த விடுப்பில் ஏரிக்கரையிலுள்ள பூனோ நகரத்துக்குப் போனேன். முதல் இரண்டு நாள் தலைவலியில் கழிந்தது. மூன்றாம் நாள் கெச்சுவாவும் ஆங்கிலமும் அறிந்த ஓர் இளைஞரை உடன் அழைத்துக்கொண்டு வாட்டாவுக்குப் போனோம். மழை தொடங்காத காலம். புல் வைக்கோல் நிறத்தில் இருந்தது. சமதரையில் நின்று பார்த்தால் பழைய பாத்திகள் கண்ணுக்குப் பிடிபடவே இல்லை. வண்டி குலுங்குவதை வைத்துத்தான் முதலில் தெரிந்துகொண்டேன். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒரே தாளத்தில். மேடு, பள்ளம், மேடு, பள்ளம். அவற்றின்மேல் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

ஒரு வீட்டுக்கு முன்னால், பாத்தியின் ஓரம் இடிந்து வெட்டுமுகம் தெரிந்த இடத்தில், வீட்டுக்கார மூதாட்டியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு குந்தினேன். கத்தியால் முகத்தைச் சீவினேன். மேலே ஒரு சாண் அளவுக்குக் கறுத்த, பொலபொலப்பான மண், புல்வேர் பின்னிக் கிடந்தது. அதற்குக் கீழே நிறம் கலைந்திருந்தது. சாம்பல் களியும் கருமண்ணும் துண்டு துண்டாக, ஓரங்கள் நேராக வெட்டப்பட்ட கட்டிகளாக ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. கால்கலப்பையால் வெட்டிய புல்கட்டிகளை அடுக்கிப் பாத்தியின் விளிம்பைக் கட்டுவார்கள். கெச்சுவாவில் அதற்குச் சம்பா என்று பெயர் (நெல்லை நினைத்து நான் சிரித்ததன் காரணத்தை அந்த இளைஞருக்கு விளக்கச் சற்று நேரமாயிற்று). அந்தக் கட்டிகளுக்கும் கீழே, முழங்கால் ஆழத்தில், ஒரு விரல்கனக் கறுப்புக்கோடு கிடைமட்டமாக ஓடியது. பாத்தி போடுவதற்கு முன்பிருந்த பழைய தரை அது. அதன்கீழ் துருநிறப் புள்ளிகள் விழுந்த சாம்பல் களி. நீர் ஏறியும் இறங்கியும் இரும்பைக் கரைத்தும் படியவிட்டும் எழுதிய புள்ளிகள் அவை. ஒரு சிட்டிகை மண்ணில் எச்சில் தொட்டு விரலிடையில் தேய்த்து நாடாபோல் தள்ளிப் பார்த்தேன். கீழ்மண் உடையாமல் நீண்டுகொண்டே போயிற்று. மேல்மண் நகத்தளவு நீண்டு உடைந்தது. ஒரே நிலத்தின் மண்தான், ஒரே களிதான். நடுவில் இருந்த வேறுபாடு முழுவதும் வாய்க்காலிலிருந்து வந்த கரிமம்.

நான் பரவசத்தில் இருந்தேன் என்றே சொல்லவேண்டும். அந்த இளைஞர் வழியாக, "இந்த மண் எவ்வளவு நல்ல மண் தெரியுமா அம்மா, இதில் ஏன் இப்போது பயிர் வைப்பதில்லை?" என்று கேட்டேன். அவர் என் கையில் இருந்த மண்ணைப் பார்க்கவில்லை. தம் இடக்கையை விரித்து, வலக்கை விரலால் ஒவ்வொன்றாக மடக்கினார். மூத்த மகன் ஹூலியாக்காவில் வண்டி ஓட்டுகிறான். அடுத்தவன் அரெக்கிப்பாவில் இருக்கிறான். மூன்றாமவன் லா ரின்கொனாதாவில் தங்கச் சுரங்கத்தில். மகள் லீமாவில். கட்டைவிரல் மட்டும் நின்றது. அது பேரன், பள்ளிக்கூடம் போகிறவன். பிறகு அந்தக் கையாலேயே வாய்க்காலைக் காட்டி, "சேற்றை யார் அள்ளுவது?" என்று கேட்டார். அந்த நாளில் வெளியாட்கள் வந்தார்கள், பாத்தி கட்டினால் தானியமும் எண்ணெயும் கொடுத்தார்கள், ஊரே கூடி வேலை செய்தது, முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் கிழங்கு நன்றாக விளைந்தது, பிறகு குறைந்தது, வெளியாட்களும் வருவதை நிறுத்தினார்கள். குறைபட்டுச் சொல்லவில்லை. போன மாதம் பேருந்து வரவில்லை என்பதுபோல் சொன்னார்.

அன்றிரவு பூனோவில் விடுதி அறையில் ஒரு கணக்குப் போட்டேன். இருபது ஆண்டுகளுக்கு முன்பே போட்டிருக்கவேண்டிய கணக்கு. ஒரு ஹெக்டேரில் பாதி மேடு, பாதி வாய்க்கால் என்று கொள்வோம். 5,000 சதுர மீட்டர் மேட்டை அரை மீட்டர் உயர்த்த 2,500 கன மீட்டர் மண் வேண்டும். அந்த உயரத்தில், அந்தக் களியில், ஒருவர் நாளொன்றுக்கு மூன்று கன மீட்டர் வெட்டிப் போடுகிறார் என்று வைத்தாலும் எண்ணூறுக்கு மேற்பட்ட ஆள்நாள் வருகிறது. இது ஒருமுறை செலவு, நூறாண்டு நிற்கும் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் விளிம்பு ஆண்டுதோறும் சரிகிறது, வாய்க்கால் தூர்ந்துபோகிறது, வளம் வரவேண்டுமானால் தூரை எடுத்தே ஆகவேண்டும். ஒரு ஹெக்டேரில் பாதி நீர் என்பதையும் விளைச்சல் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். பத்து டன் என்ற எண் நிலத்தின் அளவால் வகுத்துக் கிடைத்தது. மனித நாள்களால் வகுத்தால் என்ன வரும் என்று மேத்யூ பேண்டி என்ற தொல்லியலாளர் 2005-இல் கேட்டிருந்தார். நெடுங்காலம் தரிசாகக் கிடந்த மண்ணில் முதல் சில ஆண்டுகள் கிடைக்கும் விளைச்சலை வைத்து அந்த வயல் எப்போதும் அப்படியே தரும் என்று முடிவுகட்டக்கூடாது என்பது அவர் வாதத்தின் ஒரு பகுதி. அந்தக் கட்டுரையை நான் முன்பே படித்து, கொஞ்சம் எரிச்சலோடு மூடிவைத்திருந்தேன்.

மூடிவைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மண்ணியல் படித்த எவருக்கும் அந்த வாதம் தெரிந்திருக்கவேண்டியதே. ஆண்டீஸ் மலைநாட்டில் உழவர்கள் ஒரு பங்கு நிலத்தில் உருளை வைத்தால், அடுத்து கினோவாவோ வாற்கோதுமையோ வைத்து, அதன்பின் பல ஆண்டுகள் தரிசாக விடுகிறார்கள். சத்துக்காக மட்டும் இல்லை. உருளைவேரைத் தாக்கும் நூற்புழு தன் முட்டைகளைக் கடினமான கூட்டுக்குள் வைத்து மண்ணில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். தரிசு என்பது அதைப் பட்டினி போடும் வழி. எவ்வளவு சேற்றை அள்ளிப் போட்டாலும் தொடர்ந்து உருளையே வைத்தால் விளைச்சல் இறங்கத்தான் செய்யும். அந்த மூதாட்டி "பிறகு குறைந்தது" என்ற இரண்டு சொல்லில் சொன்னது இதையாகத்தான் இருக்கும்.

பழைய காலத்தில் இந்த ஆள்நாள்கள் எங்கிருந்து வந்தன என்பதில் ஆய்வாளர்களுக்குள் நெடுநாள் சண்டை உண்டு. ஏரியின் தென்கரையில் கி.பி. 500 முதல் 1000 வரையிலான நூற்றாண்டுகளில் ஓங்கியிருந்த திவானாக்கு அரசுதான் மக்களைத் திரட்டி வேலை வாங்கியது என்கிறார் கோலாட்டா. ஊர்க்கூட்டமைப்புகளே தலைமுறை தலைமுறையாகத் தாமே கட்டினார்கள், மேலிருந்து கட்டளையிட எவரும் தேவைப்படவில்லை என்கிறார் எரிக்சன். கி.பி. 1100 வாக்கில் நீண்ட வறட்சி வந்து ஏரி பின்வாங்கியதையும் அரசு சிதைந்ததையும் இணைத்துப் பேசுவோர் உண்டு. ஆனால் அரசு போனபிறகும் பம்ப்பா கோவானியில் சில பாத்திகள் உழப்பட்டே வந்தன என்று கிரே கிராஃபம் என்ற ஆய்வாளர் காட்டியிருக்கிறார். என்னைக் கேட்டால், வாட்டாவின் மண் எரிக்சன் பக்கம்தான் பேசுகிறது. நான் சீவிப் பார்த்த முகத்தில் ஒரே நாளில் கொட்டிய மண்ணின் ஒழுங்கு இல்லை. கொஞ்சம் கட்டி, விட்டு, சரிந்து, மறுபடி கட்டிய கலைசல்தான் இருந்தது. கட்டளைக்கு அஞ்சிச் செய்த வேலையாக இருந்தாலும் சரி, உறவுமுறைக்குச் செய்த வேலையாக இருந்தாலும் சரி, கைகள் ஊரில் இருந்தன. ஸ்பானியர் வந்தபின் நோயிலும் சுரங்கத்திலும் கட்டாயக் குடியேற்றத்திலும் அந்தக் கைகள் குறைந்தன. ஆடுமாடுகள் பெருகின. மேய்ச்சலுக்குச் சேறு அள்ளவேண்டியதில்லை.

இரண்டு பாத்தி

மறுநாள் விடிவதற்கு முன் மீண்டும் போனேன். உறைபனியைப் பார்க்கவேண்டும் என்று முன்னாளே சொல்லி வைத்திருந்தேன். புல்நுனிகள் வெள்ளையாக இருந்தன, மிதித்தால் நொறுங்கின. வீட்டை ஒட்டிய வாய்க்காலில் கணுக்கால் அளவு நீர் மிச்சமிருந்தது. கையுறையைக் கழற்றி உள்ளே கைவிட்டேன். சூடு என்று சொல்ல முடியாது. ஆனால் வெளிக்காற்றில் இருந்த கைக்கும் நீருக்குள் இருந்த கைக்கும் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. அடியில் சேறு வழுவழுப்பாக விரல்களுக்கிடையில் புகுந்தது. வெளியே எடுத்தபோது அழுகிய முட்டை நாற்றம் லேசாக அடித்தது. காற்றில்லாத சேற்றின் நாற்றம் அது. மேலே கொண்டுவந்து போட்டால் இரண்டு நாளில் போய்விடும்.

அப்போதுதான் கவனித்தேன். வாசலுக்கு நேரே இரண்டு பாத்திகளில் மட்டும் புல் இல்லை. ஈரம் காயாத கருஞ்சேறு சமீபத்தில் பரப்பப்பட்டிருந்தது. வீட்டுச் செலவுக்கு மட்டும் வைப்பதாகவும், போன ஆண்டு அடுத்த இரண்டில் வைத்ததாகவும், அதற்கு முந்தைய ஆண்டு வேறு இரண்டில் வைத்ததாகவும் மூதாட்டி சொன்னார். எத்தனை பாத்திகள் என்று கேட்டேன். பன்னிரண்டு என்றார். அவர் சுற்று முடிந்து திரும்பி வர ஆறு ஆண்டு ஆகும் என்று நான் மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, பேரன் சாக்கிதாக்யா என்னும் கால்கலப்பையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். வளைந்த நீண்ட மரக்கோல், நுனியில் இரும்புத்தகடு, மிதிக்க ஒரு சிறு கட்டை. வழக்கமாக இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று மிதித்து வெட்டுவார்கள், மூன்றாமவர், பெரும்பாலும் ஒரு பெண், கட்டியைக் கையால் புரட்டிப் போடுவார். இங்கே இருந்தது ஒருவனும் அவன் பாட்டியும்தான்.

சரிந்திருந்த விளிம்பைக் கட்டப் புல்கட்டி வேண்டியிருந்தது. பையன் நான்கைந்து வெட்டியபின், பாட்டி ஏதோ சொல்ல, கலப்பையை என்னிடம் நீட்டினான். மிதித்தேன். தகடு ஒரு விரல்கூட இறங்கவில்லை. இரண்டாம் முறை முழு எடையையும் போட்டு மிதித்து, கோலைப் பின்னுக்கு இழுத்து, கட்டியைக் கிளப்பினேன். அது பாதியில் உடைந்து உதிர்ந்தது. மூச்சு வாங்கியது. மூதாட்டி உதிர்ந்த துண்டுகளை ஒன்றும் சொல்லாமல் பொறுக்கிப் பாத்தியின் நடுவில் போட்டுவிட்டு, நான் வெட்டிய குழிக்கு ஒரு சாண் தள்ளி விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். அங்கே மிதிக்கவேண்டுமாம்.